வாரத்து ஆடும் வீட்டு முன்பணமும்



சென்ற மாதம் எங்கள் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு நாள் நடந்தது. மகளின் மதிப்பெண்களைப் பார்த்து முடித்த தாயார் ஒருவர் எழுந்து செல்லாமல் தயங்கி அமர்ந்திருந்தார். "டீச்சர், ஒன்னு கேக்கணும். படிப்பப் பத்தி இல்ல" என்றார். சிரம்பானில் உள்ள தெரிந்தவர் ஒருவர் ஆறு பெட்டையாடுகளை வாரத்துக்குத் தருகிறாராம். கணவரோ தோட்டத்தில் வேலை செய்கின்றார். லயத்துக்குப் பின்னால் பழைய கொட்டகை ஒன்று இருக்கின்றது. மூன்று ஆண்டுகள் வளர்த்தால் வீட்டுக்கு முன்பணம் சேர்ந்துவிடும் என்பது அவருடைய கணக்கு. "எடுக்கலாமா டீச்சர்?"

ஆசிரியரிடம் கேட்கும் கேள்வியா இது என்று சிலர் நினைக்கலாம். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றியவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். சேமநிதி பாரம் முதல் ஜாதகப் பொருத்தம் வரை எங்களிடம் வராத கேள்வி இல்லை! எனினும் இந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பினேன். அதற்குக் காரணம் 2003ஆம் ஆண்டில் என் வகுப்பில் இருந்த ஒரு மாணவன்.

மந்தினுக்கு அருகில் அப்போது நான் பணியாற்றிய பள்ளியில் அவன் நான்காம் ஆண்டு மாணவன். காலை எட்டரை மணிக்கெல்லாம் மேசையில் தலை சாய்த்து உறங்கிவிடுவான். சட்டையில் சாண நாற்றம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு இடம் மாற்றிக் கேட்டார்கள். இரண்டு முறை கண்டித்தேன். மூன்றாம் முறை அவனுடைய தேர்ச்சி அறிக்கையில், "வகுப்பில் உறங்குகிறான், பொறுப்பில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். இளம் ஆசிரியை. சிவப்பு மையின் மீது அவ்வளவு நம்பிக்கை!

மறுவாரம் அவனுடைய அம்மா வந்தார். சண்டைக்கு வரவில்லை. "காலையில நாலரைக்கே எழுந்து புல்லு அறுக்கப் போறான் டீச்சர். மாடு எங்களோடது இல்ல, பட்டணத்து முதலாளியோடது. கன்னு போட்டா ஒன்னு அவருக்கு, ஒன்னு எங்களுக்கு. வீட்டுக்குக் காசு கட்டணும்" என்றார். நான் எழுதியிருந்த வரியைப் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. அது இன்றுவரை எனக்கு உறுத்தல்.

வாரம் என்றால் என்னவென்று இளைய ஆசிரியர்கள் பலருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கால்நடையின் சொந்தக்காரர் ஒருவர், அதனை வளர்ப்பவர் வேறொருவர். வளர்ப்பவருக்குக் கூலி கிடையாது. ஈனும் கன்றுகளில் ஒன்று விட்டு ஒன்று அவருக்கு வரும். பாலும் எருவும் பெரும்பாலும் அவருக்கே. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஆட்டையும் மாட்டையும் இவ்வாறு வாரத்துக்கு விடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. நம் நாட்டு மலாய்க் கம்பங்களிலும் இதே ஏற்பாட்டைப் 'பாவா' என்று சொல்வார்கள். முதல் இல்லாதவன் தன் உழைப்பையும் புல்லையும் போட்டு முதல் சேர்க்க ஏழைகள் கண்டுபிடித்த வழி என்று இதனைச் சொல்லலாம். வங்கி வாசலில் நிற்க முடியாதவர்களுக்கு மாட்டுக்கொட்டகைதான் வங்கி.

தோட்டத்துக்கும் கால்நடைக்கும் உள்ள உறவு பழையது. ஆங்கிலேயர் காலத் தொழிலாளர் சட்டத்திலேயே, குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்குப் பயிரிடவோ மேய்க்கவோ ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கவேண்டும் என்ற விதி இருந்தது. பால்மரக் காட்டில் நிழலும் புல்லும் இருந்தன. பெரட்டுக்குப் போவதற்கு முன்பே பால் கறந்து பட்டணத்துக்கு அனுப்பிய குடும்பங்கள் பல. மகளின் தாலிக்கொடியும் மகனின் ஆறாம் படிவக் கட்டணமும் மாட்டின் மடியிலிருந்து வந்தவை என்று சொல்லும் முதியவர்களை இன்றும் காணலாம். பிறகு செம்பனை வந்தது. களைக்கொல்லி தெளித்த வரிசையில் மாட்டை விட முடியாது. 2020ஆம் ஆண்டு தொடக்கத்தில் பராகுவாட் தடை செய்யப்படும் வரை, எந்தப் பக்கம் மருந்தடித்தார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் புல் அறுக்கப் போகவேண்டும். மாடுகள் மண்ணை மிதித்து இறுக்குகின்றன, இளங்கன்றுகளைக் கடிக்கின்றன என்று நிருவாகங்கள் குறை கூறுவதும் வழக்கமாயிற்று. பேராவில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அண்மை ஆண்டுகளில் மாடு வளர்ப்போரிடம் தோட்டத்தை விட்டு மாடுகளை வெளியேற்றச் சொன்னதும், அவர்கள் எதிர்த்துப் போராடியதும் நாம் அறிந்தவையே.

அந்த மாணவனின் குடும்பம் 1999ஆம் ஆண்டில் இரண்டு கிடாரிகளை வாரத்துக்கு எடுத்திருந்தது. நான்கு ஆண்டுகளில் ஐந்து ஈற்று. முதலாவது முதலாளிக்கு, இரண்டாவது இவர்களுக்கு, மூன்றாவது முதலாளிக்கு, நான்காவது இவர்களுக்கு. ஐந்தாவது கன்று இறந்தே பிறந்தது. முறைப்படி அது முதலாளியின் பங்கு. ஆனால், "நீங்கள் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளவில்லை, அதற்கு ஈடாக உங்கள் கன்றுகளில் ஒன்றைக் கொடுங்கள்" என்றார் அவர். இறந்து பிறக்கும் கன்று யாருடைய நட்டம் என்று தொடக்கத்தில் எவரும் பேசவில்லை. எழுதி வைக்கவும் இல்லை. வாய்ச்சொல்தான். அவர் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு மாட்டை நம்பிக் கொடுத்தவர் அவர். ஆனால் சான்றில்லாத வழக்கில் வெல்பவர் மாட்டின் சொந்தக்காரர்தான். ஒரு கன்று போயிற்று.

அதே காலத்தில் தோட்டத்தின் ஒரு பகுதி மேம்பாட்டுக்குப் போவதாக அறிவிப்பு வந்தது. மாத இறுதிக்குள் கால்நடைகளை அகற்றவேண்டும். எஞ்சிய ஒரு கன்றை அவசரத்தில் விற்றார்கள். அவசரத்தில் விற்கும் மாட்டுக்கு வாங்குபவர் வைத்ததே விலை. ஹஜ்ஜுப் பெருநாள் நெருக்கத்தில் நல்ல விலை கிடைத்திருக்கும். ஆனால் இறைச்சிக்கு விற்க அந்த அம்மாவுக்கு மனம் வரவில்லை. (பட்டிக்குப் போகும் மாடு கடைசியில் எங்கே போகின்றது என்று நம்மவர் கேட்டுக்கொள்வதில்லை. அது வேறு கதை.) அவர்கள் பார்த்து வைத்திருந்தது 35,000 வெள்ளி மலிவு விலை வீடு. 1998ஆம் ஆண்டில் அரசு வகுத்த விலை வரம்பின்படி அன்று மலிவு வீடுகள் 25,000 முதல் 42,000 வெள்ளி வரை இருந்தன. பத்து விழுக்காடு 3,500. கையிருப்பு 2,000. கன்று விற்ற பணம் 800. எழுநூறு வெள்ளி குறைந்தது. கேட்ட தவணை நாள் கடந்தது. வீடு வேறொருவர் பெயருக்குப் போயிற்று. குடும்பம் நீலாய்ப் பக்கம் வாடகை வீட்டுக்குப் பெயர்ந்தது. பையன் பள்ளி மாறினான்.

எழுநூறு வெள்ளி. அப்போதைய என் மாதச் சம்பளத்தில் அது பெருந்தொகை அன்று. எனக்குத் தெரிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இங்கே ஆசிரியர்களாகிய நாம் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். முன்பணம் என்றால் என்னவென்று நம்மில் பலருக்கு அனுபவத்தில் தெரியாது. அரசு ஊழியர் வீடமைப்புக் கடனில் வீட்டு விலை முழுமைக்கும் கடன் பெறலாம். 2016 முதல் அதற்கென்றே தனி வாரியம் இயங்குகின்றது. பத்து விழுக்காட்டைத் திரட்டும் பாடு நமக்கு இல்லை. தோட்டத்துப் பாட்டாளிக்கோ வங்கி தொண்ணூறு விழுக்காடு தந்தால் பெரிது. "இத்தனை ஆண்டு சம்பாதித்தும் ஒரு வீடு வாங்கவில்லையே" என்று ஆசிரியர் அறையில் எளிதாகப் பேசிவிடுகின்றோம். நானும் பேசியிருக்கின்றேன்.

கணக்கைப் பார்ப்போம். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. ஊழியர் சேமநிதிக்குத் தொழிலாளி 11 விழுக்காடும் முதலாளி 13 விழுக்காடும் செலுத்தினால் மாதம் ஏறத்தாழ 408 வெள்ளி சேரும். 2024 மே மாதம் வரை அதில் 30 விழுக்காடு இரண்டாம் கணக்குக்குப் போயிற்று. வீட்டுக்கு எடுக்கத்தக்க பகுதி அதுவே. இப்போது கணக்கு மூன்றாகப் பிரிக்கப்பட்டு, வீட்டுக்குப் பயன்படும் 'செஜாத்ரா' கணக்குக்கு 15 விழுக்காடே செல்கின்றது. மாதம் ஏறத்தாழ 61 வெள்ளி, ஆண்டுக்கு 734 வெள்ளி. ஓர் இலட்சம் வெள்ளி வீட்டுக்கு முன்பணம் பத்தாயிரம் என்றால், இலாப ஈவைச் சேர்க்காமல் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பழைய இருப்பு உள்ளவர்களுக்குச் சற்று எளிது. புதிதாக வேலையில் சேரும் இளைஞனுக்கு அதுவும் இல்லை. தோட்டச் சம்பளத்தில் சாப்பாடும் பிள்ளைகளின் பேருந்துக் கட்டணமும் போக மிச்சம் எவ்வளவு என்பதைப் பெற்றோரே அறிவார்கள். இந்நிலையில் ஆறு ஆடுகளை ஒருவர் வாரத்துக்குத் தருகிறார் என்றால், அது வேண்டாத வேலை என்று நான் எப்படிச் சொல்வேன்?

கூடிச் சேர்த்த வரலாறும் நமக்கு உண்டு. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு மக்கள் தெருவுக்கு வந்த காலத்தில், துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டிய பணத்தில் மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பத்து வெள்ளி போட்டவன் தோட்டத்துக்கே பங்குதாரன் ஆனான்! ஆயினும் லயத்து வீடு வேலையோடு ஒட்டிய வீடுதான். வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. எங்கள் மந்தினுக்கு மிகத் தொலைவில் இல்லாத பிராங் பெசார் தோட்டம் புத்ராஜெயா நகரமாயிற்று. அங்கிருந்த மக்கள் டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போனார்கள். அடுக்குமாடியில் மாட்டை எந்த மாடியில் கட்டுவது?

நான் சொல்ல வரும் முதன்மையான கருத்தே இதுதான். கால்நடை வீட்டுவாசல் வரை நம்மைக் கொண்டுவந்து விடும். உள்ளே வராது. தாமானில் வீடு கிடைத்த அன்றே ஆட்டுக்கொட்டகைக்கு இடமில்லை. ஊராட்சி மன்றமும் விடாது, பக்கத்து வீட்டாரும் விடமாட்டார்கள். முன்பணத்தைச் சேர்த்துத் தந்த வருமானம் மாதத் தவணை தொடங்கும்போது நின்றுவிடுகின்றது. 90,000 வெள்ளிக் கடனை நான்கு விழுக்காடு வட்டியில் 35 ஆண்டுகளுக்கு எடுத்தால் மாதம் ஏறக்குறைய 400 வெள்ளி கட்டவேண்டும். அந்த 400 வெள்ளியைச் சம்பளத்திலிருந்து மட்டும் கட்ட முடியுமா என்று இப்போதே பார்க்கவேண்டும். ஆடு இருக்கும் மூன்று ஆண்டுகளிலும், ஆட்டு வருமானத்தைத் தொடாமல், சம்பளத்திலிருந்து மாதம் 400 வெள்ளியைத் தனியே எடுத்து வைத்துப் பழகிப் பாருங்கள். முடிந்தால் வீடு உங்களுக்குத் தாங்கும். முடியாவிட்டால் இன்னும் சிறிய வீட்டைப் பாருங்கள், அல்லது பொறுங்கள். வங்கி அதிகாரி சம்பளச் சீட்டைத்தான் கேட்பார். ஆட்டைக் காட்டிக் கடன் வாங்க முடியாது.

இரண்டாவது, குட்டி ஆடாகவே இருக்கும் வரை அது சேமிப்பு அன்று. வளர்ந்ததும் உங்கள் பங்கை விற்று, அன்றைக்கே வங்கியில் போடவேண்டும். "இன்னொரு ஈற்றுப் பார்ப்போம், பெருகட்டும்" என்று விட்டவர்களே பெரும்பாலும் இழந்தவர்கள். நோய் வரும், நாய் கடிக்கும், திருட்டுப் போகும், அறிவிப்புக் கடிதம் வரும். ஆட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். இரட்டைக் குட்டியும் போடும். பெருகுவது விரைவுதான், அழிவதும் விரைவே. அந்தத் தாயார் மூன்று ஆண்டில் தம் பங்குக்குப் பத்துக் குட்டி, குட்டி ஒன்று 800 வெள்ளி, ஆக 8,000 என்று கணக்கிட்டு வந்திருந்தார். தீவனம், மருந்து, சாவு எல்லாம் போகப் பாதி கையில் நின்றால் மகிழுங்கள் என்றேன். முகம் வாடிற்று. ஆனாலும் பொய்க்கணக்கைவிட வாடிய முகம் நல்லது.

மூன்றாவது, வீடு விற்கும் மேம்பாட்டாளர் 'புக்கிங்' என்று ஆயிரம் ஐந்நூறு கேட்டால் அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் எந்தப் பெயரிலும் பணம் வாங்குவதை வீடமைப்பு மேம்பாட்டு விதிமுறைகள் தடை செய்கின்றன. கூட்டரசு நீதிமன்றமும் 2021ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் இதனை வலியுறுத்தியிருக்கின்றது. ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது கட்டவேண்டியதே அந்தப் பத்து விழுக்காடு.

பிள்ளைகளைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் நான் தவறு செய்தது அங்கேதான். வாரத்து மாட்டின் கணக்கில் எவரும் எழுதாத ஒரு கூலி உண்டு. நாலரை மணிக்கு எழுந்து புல் அறுத்த ஒன்பது வயதுப் பிள்ளையின் தூக்கம் அது. அதனை முதலாளியும் கணக்கிடவில்லை, பெற்றோரும் கணக்கிடவில்லை, நானோ பொறுப்பின்மை என்று எழுதினேன். பிள்ளைகள் வீட்டு வேலையே செய்யக்கூடாது என்பது என் கருத்தன்று. மாலையில் ஒரு மணி நேரம் ஆட்டைப் பார்த்துக்கொண்டால் பிள்ளை கெட்டுப்போகாது. ஐந்து மாதச் சினை, பாதிப் பங்கு, பத்து விழுக்காடு என்று கணிதம்கூடக் கற்றுக்கொள்ளும். ஆனால் பள்ளி நாள்களில் காலை வேலை கூடாது. அதனைச் செய்ய வீட்டில் பெரியவர் எவரும் இல்லையென்றால் அத்தனை ஆடுகளை ஏற்கக்கூடாது. ஆறு வேண்டாம், மூன்று போதும்.

திருக்குறளில் கல்வி அதிகாரத்தின் கடைசிக் குறளில் 'மாடு' என்ற சொல்லுக்குச் செல்வம் என்று பொருள். அதனை நான் கரும்பலகையில் எழுதி விளக்கியபோது அந்தப் பையன் விழித்திருந்தான். "டீச்சர், மாடுன்னா காசா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகின்றது.

ஆசிரியர் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பில் உறங்கும் பிள்ளையைக் கண்டால் அறிக்கையில் எழுதுவதற்கு முன் வீட்டில் ஆடு மாடு இருக்கின்றதா என்று கேளுங்கள். இருந்தால் அது யாருடையது என்றும் கேளுங்கள். வாரத்துக்கு என்றால், எழுதி வைத்திருக்கின்றார்களா என்று கேளுங்கள். எழுதித் தர நம்மைவிட வேறு யார் இருக்கின்றார்கள் அங்கே?

அந்தத் தாயார் சொன்னபடி மறுவாரம் வந்தார். வகுப்பு முடிந்தபின் பயிற்சிப் புத்தகத்திலிருந்து இரண்டு தாள் கிழித்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினோம். பெட்டையாடு மூன்று, அவற்றின் நிறம், காதடையாளம். முதல் குட்டி யாருக்கு. இரட்டைக் குட்டி பிறந்தால் எப்படி. செத்துப் பிறந்தால் அது கணக்கில் சேராது, முறை அடுத்த குட்டிக்கு நகரும். தாயாடு நோயில் இறந்தால் வளர்ப்பவர் ஈடு தரவேண்டியதில்லை, உடனே தொலைபேசியில் சொல்லிப் படம் அனுப்பவேண்டும். மருந்துச் செலவு இருவருக்கும் சமம். தோட்ட நிருவாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கவேண்டும். நிருவாகம் பிறகு அகற்றச் சொன்னால் அன்றைய இருப்பைப் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டு, அவரவர் பங்கை அவரவர் விற்கவேண்டும். குட்டி விற்ற பணம் தாயார் பெயரில் உள்ள கணக்கில் சேரும்.

"அவரு கையெழுத்துப் போடுவாரா டீச்சர்?" என்று கேட்டார். போடாவிட்டால் எடுக்காதீர்கள் என்றேன். தாளை மடித்து மகளின் புத்தகப்பைக்குள் வைத்தார். ஆட்டுக்காரர் வரும் ஞாயிற்றுக்கிழமை வருகின்றாராம்.